கணினிக்குக் கேட்காத பாடுமீன்

மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்று சொல்லிப் பெருமைப்படாத மட்டக்களப்பார் ஒருவரையேனும் நான் சந்தித்ததில்லை. அந்தப் பாடலைத் தம் காதால் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று வினவினால்தான் பேச்சுச் சற்றுத் தடுமாறும். தாத்தா கேட்டிருக்கிறார், பெரியப்பா கேட்டிருக்கிறார் என்ற பதிலே பெரும்பாலும் வரும். இளைய தலைமுறையினர் சிலர் கைத்தொலைபேசியோடும் மடிக்கணினியோடும் கல்லடிப் பாலத்தடியில் இரவிரவாகக் காத்திருந்து பதிவுசெய்த ஒலிக்கோப்புகளை என்னிடம் தந்திருக்கிறார்கள். கேட்டுப் பார்த்தால் தண்ணீர் அலம்பும் ஓசையும், தொலைவில் ஒரு மோட்டார் சைக்கிளும், இடையிடையே ஒரு வெறுமையும். 'மீன்கள் இப்போது பாடுவதில்லை' என்ற முடிவையும் அவர்கள் கோப்போடு சேர்த்தே தந்துவிடுகிறார்கள்.

அந்த முடிவு உண்மையாகவும் இருக்கக்கூடும். ஆனால் அதை எழுதி வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி உண்டு. மீன் பாடவில்லையா, கணினி கேட்கவில்லையா? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, பாடுமீனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு கூட்டத்தாரின் அனுபவம் நமக்குக் கைகொடுக்கிறது. ஹாம் என்றும் அமெச்சூர் வானொலியாளர் என்றும் அறியப்படும், பொழுதுபோக்காக வானலைகளில் உரையாடும் ஆர்வலர்களே அவர்கள். கணினியின் ஒலி அட்டையோடு கால் நூற்றாண்டுக்கு மேலாக மல்லுக்கட்டி வருபவர்கள். அவர்களிடம் போவதற்கு முன்பு வாவியின் கதையை முதலிலிருந்து பார்த்துவிடுவோம்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. நகரத்தருகே ஒன்றும் பெரியகல்லாற்றுப் பக்கம் ஒன்றுமாக இரண்டு குறுகிய வாய்களால் வங்கக் கடலோடு கலக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கரை எழுவான்கரை, மேற்கே வயல்வெளிகள் விரிந்த கரை படுவான்கரை. ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு ஒரு தண்ணீரின் இரு பக்கங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். நகரின் நடுவே புளியந்தீவு. அதில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றிய கோட்டை. புளியந்தீவிலிருந்து கல்லடிக்குச் செல்லும் பழைய இரும்புப் பாலம் 1924இல் எழுந்தது. தேசாதிபதி மனிங்கின் துணைவியார் பெயரால் அதனை லேடி மனிங் பாலம் என்றார்கள். அதன் அருகில் புதிய பாலம் திறக்கப்பட்டது 2013இல்தான். பாடல் கேட்பதாகச் சொல்லப்படும் இடங்களுள் முதலிடம் இந்தப் பாலத்தடிக்கே.

பாலம் கட்டப்படுவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே இந்த ஒலியை எழுத்தில் பதித்தவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்தவர். 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது, வாவியின் அடியிலிருந்து இசை எழுவதாகத் தான் கேள்விப்பட்ட கதையை ஆராய முற்பட்டார். அதிகாரிக்கு உரிய அசட்டையோடு அவர் அதனைத் தட்டிக்கழிக்கவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். மீனவர்களை அழைத்து விசாரித்தார். ஒலி நெடுங்காலமாகக் கேட்கிறது என்றும், குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே எழுகிறது என்றும் அவர்கள் கூறினார்கள். பாடுவது மீன் அல்ல, ஒரு வகை ஊரி என்றும் சொன்னார்கள். ஊரி என்பது சிறு சங்கு, சிப்பி இனத்துக்கு நம் பக்கத்து வழக்கு. அழும் ஊரி என்று பொருள்படும் ஒரு பெயரை அவர் தமது காதுக்கு எட்டியவாறு ஆங்கில எழுத்தில் குறித்திருக்கிறார். மீனவர்கள் அள்ளிக் கொணர்ந்து காட்டிய ஊரிகளின் அறிவியற் பெயர்களையும் எழுதியிருக்கிறார்.

நிலவு ஏறிய அமைதியான ஓர் இரவில் தோணியேறிச் சென்ற டெனன்ட், அந்த ஒலியைத் தாமே கேட்டார். மீட்டிய நரம்பின் மெல்லிய அதிர்வுபோல, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஓசைபோல இருந்ததாகவும், ஒரே நீண்ட சுரமாக இல்லாமல் மேலும் கீழுமான பல சிற்றொலிகள் ஒருங்கே கலந்திருந்ததாகவும் அவருடைய விவரணை செல்கிறது. அவர் எழுதியவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொரு செய்தி. தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பெரிதும் வலுத்தது என்கிறார். தோணி நகர நகர, சில இடங்களில் ஒலி மாறியது, சில இடங்களில் அடியோடு மறைந்தது என்றும் சொல்கிறார்.

மட்டக்களப்பு மீனவருக்கு இது புதுச் செய்தி அல்ல. துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறு நுனியைக் காதோடு அணைத்துக் கேட்பதே அங்கு வழிவழி வந்த முறை. இதில் ஒளிந்திருக்கும் பௌதிகம் மிகக் கூர்மையானது. காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீற்றர் செல்கிறது, நீரில் சுமார் 1500 மீற்றர். வேகமும் அடர்த்தியும் இவ்வளவு வேறுபடுவதால், நீருக்குள் பிறந்த ஒலி மேற்பரப்பை அடையும்போது அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குள் வருகிறது. எஞ்சியது தண்ணீருக்குள்ளேயே திரும்பிவிடும். கரையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பவர் அந்த ஆயிரத்தில் ஒன்றைத்தான் கேட்க முயல்கிறார். மரமோ ஒலியைக் கடத்தும் இயல்பில் காற்றைவிட நீருக்கே மிக நெருக்கமானது. துடுப்பு வழியே வரும் அதிர்வு காற்றைத் தொடாமலே தலையெலும்பை அடைகிறது. மின்சாரம் இல்லை, மின்கலம் இல்லை, தன் சொந்த இரைச்சல் எதையும் சேர்ப்பதும் இல்லை. அதைச் செய்தவனுக்குப் பௌதிகப் பட்டம் தேவைப்படவும் இல்லை.

பட்டம் பெற்றவர் ஒருவரும் இந்தக் கதையில் உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்த சுவாமி விபுலாநந்தரைத் தமிழறிஞராகவே நாம் நினைவுகூர்கிறோம். அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி என்பதையும், 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் என்பதையும் மறந்துவிடுகிறோம். வாவியின் ஒலியைப் பொருளாகக் கொண்டு நீரரமகளிர் இன்னிசைப் பாடல் இயற்றியவர் அவர். 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழ்ப் பண்களை அதிர்வெண் விகிதங்களாகக் கணக்கிட்டுக் காட்டியவரும் அவரே. அந்த ஆண்டிலேயே அவர் மறைந்தார். அவருடைய சமாதி, பாலத்தைக் கடந்து சற்றுத் தூரத்தில், கல்லடி உப்போடையில் இருக்கிறது. கேட்ட ஒலியைக் கவிதையாக்கியவரிடம் அதனை அளக்கும் கணிதமும் இருந்தது, பதிவுசெய்யும் கருவிதான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவில்லை.

கருவி அடுத்த தலைமுறையில் வந்தது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், மட்டக்களப்பில் பணியாற்றிய அருட்தந்தை லாங் என்ற துறவி வாவியின் ஒலியை நாடாவில் பதிவுசெய்தார். இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியது. அக்காலத்து இலங்கை வானொலியின் வீச்சு எத்தகையது என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்குள்ள ஊர்களின் தேநீர்க் கடைகளில் கொழும்பின் குரலே நேரம் காட்டியது.

வாவியடியிலிருந்து அந்த ஒலி கடந்த வழியைச் சற்று எண்ணிப் பாருங்கள். தண்ணீர், ஒலிவாங்கி, காந்த நாடா, கலையகம், அஞ்சல் கோபுரம், வானலை, வீட்டு வானொலிப் பெட்டி. ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று கழியும், ஏதோ ஒன்று கூடும். சிற்றலை ஒலிபரப்பில் ஏறத்தாழ 5000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் வெட்டுண்டுவிடும். நல்லகாலமாக மீன்கள் எழுப்பும் ஒலிகளில் பெரும்பாலானவை 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழானவை. ஆகவே வீட்டுப் பெட்டிவரை அவை தப்பி வந்திருக்கும். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கருவிகளின் குறைகள் பாடுமீனைக் காப்பாற்றின. புதிய கருவிகளின் நிறைகள்தாம் அதனை விழுங்குகின்றன.

இனி ஆர்வலர்களிடம் வருவோம். இலங்கையில் அமெச்சூர் வானொலிக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரித்தானியர் காலத்தில் வீஎஸ்7 என்றும் பின்னர் 4எஸ்7 என்றும் தொடங்கிய அழைப்புக் குறிகளோடு இந்நாட்டவர் உலகத்தோடு பேசிவந்திருக்கிறார்கள். அவர்களுடைய சங்கம் 1950இல் தோன்றியது. 2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கியபோது, தெற்கே அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே தொலைபேசிகள் செத்துக் கிடந்த நாட்களில், விக்டர் குணதிலக தலைமையில் அவர்கள் சிற்றலை வழியே செய்தி பரிமாறினார்கள். கல்லடியையும் நாவலடியையும் அதே கடல்தான் அன்று துடைத்தெறிந்தது.

இவர்களுள் ஒரு பிரிவினர் வாயால் பேசுவதில்லை, எழுத்தை ஒலியாக்கி அனுப்புகிறார்கள். என் தொழிலில் பழைய ஆட்களுக்கு இது அந்நியமானதல்ல. பத்திரிகை அலுவலகங்களில் இரவு பகலாகக் கடகடத்துக்கொண்டிருந்த தெலிபிரிண்டரின் உடன்பிறப்பே அது. ஐந்து துடிப்புகளால் ஓர் எழுத்து என்பதே தெலிபிரிண்டரின் குறிமுறை. ஆர்வலர்கள் அதனையே 170 ஹேர்ட்ஸ் இடைவெளியுடைய இரண்டு சுரங்களாக மாற்றி வானலையில் விட்டார்கள். வெகுகாலம் இதற்குக் கனத்த இயந்திரங்கள் வேண்டியிருந்தன. நிலைமையை மாற்றியது 1998. இங்கிலாந்தின் பீற்றர் மார்ட்டினெஸ் அறிமுகப்படுத்திய பிஎஸ்கே31 என்ற முறைக்கு, வீட்டுக் கணினியின் ஒலி அட்டையே போதுமானதாக இருந்தது. வானொலியின் ஒலி வெளிவரும் துளையையும் கணினியின் ஒலி உள்புகும் துளையையும் ஒரு கம்பியால் இணைத்தால் திரையில் எழுத்து ஓடும்.

அதற்குப் பின் வந்தவர் ஜோ டெய்லர். இரட்டைத் துடிவிண்மீனைக் கண்டறிந்தமைக்காக 1993இல் பௌதிக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே டெய்லர்தான். இரைச்சலுக்குள் புதைந்த துடிப்பைத் தோண்டி எடுப்பது அவருக்குத் தொழிலும் விளையாட்டும். ஸ்டீவ் ஃபிராங்குடன் சேர்ந்து அவர் 2017இல் வெளியிட்ட எஃப்டி8 என்ற முறை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. 15 வினாடிகள் கொண்ட கட்டத்தில் 12.64 வினாடிகள் எட்டுச் சுரங்கள் மாறிமாறி ஒலிக்கும். முழுச் செய்தியும் 50 ஹேர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கிவிடும். சுற்றியுள்ள இரைச்சலின் ஆற்றலில் நூறில் ஒரு பங்கே உள்ள சுரத்தையும் கணினி படித்துவிடும். மனிதக் காதுக்கு அந்த இடத்தில் வெறும் இரைச்சல்தான். செய்தியில் அழைப்புக் குறியோடு இருப்பிடக் கட்டமும் செல்லும். உலகப் படத்தைக் கட்டங்களாகப் பிரித்து நான்கு குறிகளில் சொல்லும் முறை அது. கொழும்பு எம்ஜே96. மட்டக்களப்பு என்ஜே07. எண்பதாவது தீர்க்கரேகை தீவின் மேற்குப் பக்கத்தை ஊடறுப்பதால் முதல் எழுத்தே மாறிவிடுகிறது.

கணக்கு இவ்வளவு நேர்த்தியாக இருந்தும், புதிதாகத் தொடங்குபவர் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு முதல் நாள் திரையில் ஒன்றும் வராது என்றே ஆர்வலர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். கோளாறு வானொலியிலோ வானலையிலோ இருப்பது அரிது. கணினியின் ஒலி அமைப்பில்தான் இருக்கும். கணினியையும் கைத்தொலைபேசியையும் செய்தவர்கள் ஒலி என்றால் மனிதப் பேச்சு என்று எண்ணிச் செய்தவர்கள். பேச்சு ஏறி இறங்கும், இடைவெளி விடும். சீராக நீடிக்கும் எந்த ஒலியையும் மின்விசிறி என்றோ குளிரூட்டி என்றோ எண்ணி அழித்துவிடும்படி அவற்றின் இரைச்சல் நீக்கிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. எஃப்டி8 சுரமோ சீராக நீடிப்பது. ஆகவே கணினி அதனை மிகுந்த அக்கறையோடு துடைத்தெறிந்துவிடும். விண்டோஸில் ஓடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்ற பெயரில் ஒளிந்திருக்கும் அந்த உதவியை நிறுத்துவதே ஆர்வலர் செய்யும் முதல் வேலை. ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதியையும் நிறுத்துவார். அமைதி நேரத்தில் அது இரைச்சலை உயர்த்தும், அருகில் ஓர் ஓசை எழுந்தவுடன் எல்லாவற்றையும் தாழ்த்தும்.

இப்போது பாலத்தடி இளைஞரிடம் திரும்புவோம். டெனன்ட் கேட்டது கிண்ண விளிம்பின் நீடித்த ஓசை. அதே ஒலி இன்று எழுந்தாலும், பேச்சுக்காகச் சீரமைக்கப்பட்ட கைத்தொலைபேசி அதனை மின்விசிறியின் கணக்கில் சேர்த்துத் தள்ளிவிடும் வாய்ப்பே அதிகம். பாடல் ஒலிக்க ஒலிக்கவே வெறுமையான கோப்பு பதிவாகும். அந்தக் கோப்பைச் சான்றாகக் காட்டி மீன்கள் ஊமையாகிவிட்டன என்று எழுதுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

இதைவிட நுட்பமான ஒரு பொறி உண்டு. தண்ணீருக்குள் இறக்கும் ஒலிவாங்கியை விலைகொடுத்து வாங்க முடியாதவர்கள், பீசோ வட்டு எனப்படும் சல்லிக்காசு அளவான உலோகத் தகட்டை மெழுகிலோ பசையிலோ பொதிந்து தாமே செய்துகொள்கிறார்கள். கைக்கடிகாரத்திலும் வாழ்த்து அட்டையிலும் கீச்சிடும் அதே தகடு. வேலை செய்யும், ஐயமில்லை. ஆனால் அதனை நேரே மடிக்கணினியின் ஒலிவாங்கித் துளையில் செருகினால் வினை. பீசோ வட்டு மின்னியல்பில் ஒரு சிறு கொள்ளளவி, அதாவது கப்பாசிற்றர். அதன் கொள்ளளவு 20 நானோ ஃபரட் என்றும், கணினித் துளையின் உள்ளீட்டுத் தடை 2000 ஓம் என்றும் கொண்டால், இரண்டும் சேர்ந்து சுமார் 4000 ஹேர்ட்ஸுக்குக் கீழான ஒலிகளைப் படிப்படியாக வடித்துவிடும் சல்லடையாகின்றன. மீன் ஒலி இருப்பதோ 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழே. நீர்க்குமிழி உடைவதும் இறால் சொடுக்குவதும் அழகாகக் கேட்கும், மீன் மட்டும் கேட்காது. இடையில் பத்து இலட்சம் ஓம் உள்ளீட்டுத் தடை கொண்ட சிறு பெருக்கியொன்றை வைத்துவிட்டால் சல்லடையின் எல்லை 8 ஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும். செலவு சில நூறு ரூபாய்தான். கிற்றார் வாசிப்போர் தங்கள் வாத்தியத்தில் ஒட்டும் பீசோவுக்குப் பயன்படுத்தும் பெருக்கியும் இதற்குப் பொருந்தும்.

கேட்காமல் போவது ஒரு பக்கம் என்றால், இல்லாததைக் கேட்பது மறுபக்கம். ஆர்வலர்களின் மொழியில் இதற்குப் பெயர் ஹம். மடிக்கணினியின் மின்னூட்டி, சுவரிலுள்ள மின்சாரம், வானொலியின் மின்வழங்கி ஆகியவை கம்பிகள் வழியே ஒரு வளையமாகச் சேர்ந்துவிட்டால், நமது மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்கான 100 ஹேர்ட்ஸும் ஒலிக்குள் புகுந்து ரீங்கரிக்கும். மின்னூட்டியைக் கழற்றி மின்கலத்தில் ஓட்டிப் பார்ப்பதே முதற் சோதனை. ரீங்காரம் நின்றால் குற்றவாளி அகப்பட்டான். நிரந்தரத் தீர்வாக, ஒன்றுக்கு ஒன்று விகிதச் சிறு மின்மாற்றியை ஒலிக் கம்பியின் நடுவே வைத்து, இரு பக்கத்துக்கும் உலோகத் தொடர்பே இல்லாமல் செய்துவிடுவார்கள்.

மீனுக்கும் மின்சார ரீங்காரத்துக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு ஓர் உண்மைக் கதை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரேயுள்ள சோசலிட்டோவில், படகு வீடுகளில் வசிப்போர் 1980களில் இரவுதோறும் ஒரு ரீங்காரத்தால் தூக்கமிழந்தார்கள். கழிவுநீர்ப் பம்பி என்றார்கள், மின்னாக்கி என்றார்கள், இராணுவத்தின் இரகசியப் பரிசோதனை என்றும் பேச்சு எழுந்தது. கடைசியில் அகப்பட்டது ஒரு மீன். மிட்ஷிப்மன் எனப்படும் தேரை மீன் இனத்து ஆண், பெண்ணை அழைப்பதற்காகக் காற்றுப்பையைத் தசையால் அதிரச் செய்து மணிக்கணக்கில் முனகுகிறது. அதன் அதிர்வெண் ஏறத்தாழ 100 ஹேர்ட்ஸ்! நமது மின்சார ரீங்காரத்தின் இரண்டாம் மடங்கும் அதுவே. அந்த மீன் நம் கடலில் இல்லை. ஆயினும் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தேரை மீன் இந்து சமுத்திரக் கரையோரங்களில் உண்டு. லின்னேயஸ் 1758லேயே அதற்கு உறுமுவது என்று பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டிவிட்டார். நம் மீனவர்களும் சளைத்தவர்கள் அல்லர். தூண்டிலில் அகப்பட்டதும் கீச்சிடும் மீனுக்குக் கீச்சான் என்று பெயரிட்டவர்கள். வாவியில் பாடுவது தேரை மீனாகவோ கீச்சானாகவோ இருக்கலாம், டெனன்டுக்குச் சொல்லப்பட்ட ஊரியாகவும் இருக்கலாம். 100 ஹேர்ட்ஸில் ஒரு ரீங்காரம் பதிவானால், அது எந்த மீன் என்று விவாதிக்கத் தொடங்குமுன் மின்னூட்டி கழற்றப்பட்டிருந்ததா என்று கேட்பதே நியாயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்வலர்கள் அனுப்பும்போது ஒலியளவை மிகைப்படுத்தினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, 700 ஹேர்ட்ஸில் அனுப்பிய சுரத்துக்கு 1400இலும் 2100இலும் ஆவிகள் முளைக்கும். ஒருவர் மூவராகத் திரையில் தெரிவார். அக்கம்பக்கத்தாரின் வசையும் வந்து சேரும். பதிவுசெய்யும்போதும் இதே விபத்து நேரும். வாவியில் ஒரே நேரத்தில் பல சுரங்கள் கேட்கின்றன என்பதுதான் டெனன்ட் காலம் முதல் இந்த ஒலியின் தனிச்சிறப்பு. அளவு மீறிப் பதிந்த கோப்பில் பல சுரங்கள் தெரிந்தால் அவை வாவியின் சுரங்களா, ஒலி அட்டையின் சுரங்களா? அளவைத் தாழ்த்தி வைத்துப் பதிந்தால் இந்த ஐயமே எழாது. வினாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற அளவில், எம்பி3 ஆகச் சுருக்காமல், முழுக் கோப்பாகச் சேமிப்பது நலம். சுருக்கும் மென்பொருளும் மனிதக் காதுக்கு எது தேவையில்லை என்று தானே முடிவு செய்து கழித்துவிடும் பேர்வழிதான்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று சிலர் எண்ணலாம். போர்க்காலத்தில் இரவில் வாவியில் இறங்குவதே பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்தது. கல்லடிப் பாலத்தில் காவலரண் இருந்த காலத்தில், முழுநிலவில் துடுப்பைக் காதில் வைத்துக்கொண்டு தோணியில் அசையாது இருப்பவன் உயிரோடு திரும்புவான் என்பதற்கு எவர் உத்தரவாதம் தருவார்? ஒரு தலைமுறை கேட்காமலே வளர்ந்தது. எங்கே, எந்த மாதத்தில், நிலவு எத்தனை நாழிகை ஏறியபின் கேட்கும் என்ற அறிவு கேட்டவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. இன்று தடை இல்லை. இயந்திரப் படகுகள் இருக்கின்றன, பாலத்தின் மீது வாகனங்கள் ஓடுகின்றன, அவற்றின் அதிர்வு தூண்கள் வழியே நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. பாலத்தடியே பாடலின் இடம் என்ற நம்பிக்கையில் எல்லாரும் நகரின் மிக இரைச்சலான நீர்ப்பரப்பில்தான் கருவியை இறக்குகிறார்கள். துடுப்புக்காரன் அப்படிச் செய்யவில்லை. அவன் தோணியை மெல்லத் தள்ளித் தள்ளிக் கேட்டான். படுவான்கரைப் பக்கத்து ஒதுக்குகளையும் கேட்டுப் பார்க்கலாமே.

ஆர்வலர்களிடமிருந்து இரவல் பெற வேண்டிய இன்னொரு பழக்கம் நேரக் குறிப்பு. எஃப்டி8 முறையில் கணினியின் கடிகாரம் ஒரு வினாடிக்கு மேல் பிசகினாலே செய்திகள் தவறத் தொடங்கும் என்பதால், அவர்கள் கடிகாரத்தை இணையத்தோடோ செயற்கைக்கோளோடோ ஒப்பிட்ட பின்பே அமர்வார்கள். ஒவ்வொரு தொடர்புக்கும் நாள், நேரம், அதிர்வெண், கட்டம் ஆகியவற்றை ஏட்டில் குறிப்பார்கள். என்ஜே07 என்ற கட்டம் வாவி முழுவதையும் விழுங்கிவிடும் அளவுக்குப் பெரியது. வாவியில் பதிபவர் கைத்தொலைபேசி காட்டும் துல்லியமான இடத்தையும், பிறையின் நாளையும், காற்றையும், முகத்துவாரம் திறந்திருந்ததா என்பதையும் கோப்போடு எழுதி வைப்பது அவசியம். எதுவும் கேட்காத இரவுக்கும் அதே குறிப்பு வேண்டும்.

டெனன்ட் தோணியை நகர்த்தி நகர்த்தித் தேடிய இடத்தை இன்று தோணியை நிறுத்தி வைத்துக்கொண்டே தேடலாம். நீர் ஒலிவாங்கிகள் இரண்டை மூன்று மீற்றர் இடைவெளியில் இறக்கி, இடது வலது என இரண்டு தடங்களாகப் பதிய வேண்டும். மடிக்கணினியின் ஒலிவாங்கித் துளை பெரும்பாலும் ஒற்றைத் தடமே கொண்டது. எனவே யூஎஸ்பி வழியே இணையும் இரட்டைத் தட ஒலி அட்டை தேவைப்படும். ஒலி ஒரு பக்கமிருந்து நேராக வந்தால் மூன்று மீற்றரைக் கடக்க ஐந்நூறில் ஒரு வினாடி ஆகும், அதாவது 96 மாதிரிகள். எண்ணிப் பார்த்துத் திசையைச் சொல்லிவிடலாம். இரண்டு தோணிகள் இரண்டு திசைகளைச் சொன்னால் அவை சந்திக்கும் புள்ளியில் வலையை இறக்கலாம். வலையில் ஏறுவது மீனா, ஊரியா என்பதைக் கரையில் வைத்துப் பார்த்துக்கொள்வோம்.